நிகழ்படங்களின் தொகுதி வடிவமாற்றம்

நிகழ்படங்களின் தொகுதி வடிவமாற்றம் என்பது நிகழ்படக் கருவி, கைப்பேசி, நாடா, குறுவட்டு முதலியவற்றிலிருந்து பெறப்பட்ட பல நிகழ்படக் கோப்புகளை, படத்தொகுப்புக்கு ஏற்ற ஒரே வடிவத்துக்குக் கணினி நிரலின் துணையுடன் வரிசையாக மாற்றும் செயல்முறை ஆகும். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே திறந்து மாற்றாமல், ஒரு கோப்புறையில் உள்ள அனைத்தையும் ஒரே கட்டளையில் மாற்றுவதால் இது தொகுதி வடிவமாற்றம் எனப்படுகிறது. திருமண நிகழ்படம் எடுக்கும் ஒளிப்பட நிலையங்கள், ஆவணப்படக் குழுக்கள், குடும்பப் பதிவுகளைப் பேணுவோர் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இச்செயல்முறையில் நேரும் பிழைகளுள் பல கணினியை நிறுத்துவதில்லை. மென்பொருள் "முடிந்தது" என்று காட்டிய பின்னரும் சில கோப்புகள் விடுபட்டிருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கலாம், அல்லது ஒலியும் படமும் விலகியிருக்கலாம். மூலப்பதிவு அழிக்கப்பட்ட பின்னரே இவை தெரியவந்தால் இழப்பை ஈடுசெய்ய இயலாது. எனவே பிழைகளின் காரணங்களை அறிதலும், மாற்றிய கோப்புகளைச் சரிபார்த்தலும் இச்செயல்முறையின் பிரிக்கவியலாத பகுதிகளாகும்.

பின்னணி

நிகழ்படக் கோப்பு ஒன்றில் இரண்டு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது கொள்கலன். இது படம், ஒலி, நேரக் குறிப்புகள் ஆகியவற்றை ஒன்றாகப் பொதிந்து வைக்கும் உறை ஆகும். ஏவிஐ, எம்பி4, எம்ஓவி, எம்கேவி, எம்டிஎஸ் ஆகியன கொள்கலன்கள். இரண்டாவது கோடெக் எனப்படும் குறிமுறை. இது படத்தையும் ஒலியையும் சுருக்கி எழுதும் முறை ஆகும். எம்பெக்-2, எச்.264, எச்.265, புரோரெஸ் ஆகியன குறிமுறைகள். ஒரே எம்ஓவி கொள்கலனுக்குள் எச்.264 படமும் இருக்கலாம், புரோரெஸ் படமும் இருக்கலாம். ஆகவே கோப்புப் பெயரின் ஈற்றெழுத்துகளை மட்டும் பார்த்து வடிவத்தை முடிவு செய்வது பிழைக்கு வழிவகுக்கும்.

எச்.264 போன்ற குறிமுறைகள் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. ஒரு முழுச் சட்டகத்தை எழுதி, அதைத் தொடரும் சட்டகங்களில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதுகின்றன. இதனால் கோப்பின் அளவு குறைகிறது. ஆனால் படத்தொகுப்பின்போது இடையில் உள்ள ஒரு சட்டகத்தைக் காட்ட, கணினி அதற்கு முன்னும் சில வேளைகளில் பின்னும் உள்ள சட்டகங்களைக் கணக்கிட வேண்டியுள்ளது. பழைய கணினிகளில் காட்சி தடுமாறித் தடுமாறி ஓடுவதற்கு இதுவே காரணம். அவிட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட டிஎன்எக்ஸ்எச்டி, ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட புரோரெஸ் ஆகியவை ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே சுருக்குகின்றன. இவை இடைநிலைக் குறிமுறைகள் எனப்படும். இவற்றில் தொகுப்பு எளிது, கோப்போ பெரிது.

இந்த அளவு வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நொடிக்கு 24 மெகாபிட்டு வேகத்தில் பதிந்த 1 மணி நேரக் காட்சி ஏறத்தாழ 11 கிகாபைட்டு இடம் கொள்ளும். அதே காட்சி 1920×1080 படப்புள்ளிகளில், நொடிக்கு 25 சட்டகங்களுடன், புரோரெஸ் 422 வடிவுக்கு மாறும்போது ஏறத்தாழ 55 கிகாபைட்டு ஆகும். இரண்டு கருவிகளில் மொத்தம் 12 மணி நேரம் பதியப்பட்ட ஒரு திருமணம் 130 கிகாபைட்டிலிருந்து 660 கிகாபைட்டாகப் பெருகும். வன்தட்டில் இடம் தீர்ந்து பாதியில் நின்றுபோகும் பணிகளுக்கு இக்கணக்கைச் செய்யாமையே காரணம்.

தேனி மாவட்டத்துப் பதிவுகள்

தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கு இம்மாவட்டத்தில் உள்ளது. இயக்குநர் பாரதிராஜா பிறந்த அல்லிநகரமும் இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. திரைப்படங்களுக்கு வெளியே, இப்பகுதியின் வாழ்க்கை பெரிதும் பதியப்பட்டிருப்பது உள்ளூர் ஒளிப்பட நிலையங்கள் எடுத்த திருமணம், காதுகுத்து, திருவிழா நிகழ்படங்களிலேயே ஆகும்.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் ஒரு குடும்பத்தின் பதிவுகள் பல தலைமுறைக் கருவிகளில் சிதறிக் கிடக்கின்றன.

• வி.எச்.எஸ். நாடா: 1980கள், 1990களின் திருமணப் பதிவுகள். ஒப்புமை முறையில் பதியப்பட்டவை.
• மினி-டிவி நாடா: 1995இல் அறிமுகமான எண்முறை நாடா. இங்கு டிவி என்பது தொலைக்காட்சியைக் குறிப்பதன்று. எண்முறை நிகழ்படம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் ஆகும். படத்தின் தரவு வேகம் நொடிக்கு 25 மெகாபிட்டு. ஒலியும் சேர்ந்து 1 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டு.
• விசிடி, டிவிடி வட்டுகள்: ஒளிப்பட நிலையங்கள் வாடிக்கையாளருக்கு வழங்கியவை. பல வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒரே படி இதுவே.
• ஏவிசிஎச்டி: சோனி, பானசோனிக் நிறுவனங்கள் 2006இல் அறிவித்த நினைவட்டைப் பதிவு வடிவம். கோப்புகள் எம்டிஎஸ் என முடியும்.
• எண்முறை ஒளிப்படக் கருவி, கைப்பேசி, பறக்கும் கருவி ஆகியவற்றின் எம்பி4, எம்ஓவி கோப்புகள்.

இப்பதிவுகளுள் சில மீண்டும் எடுக்க இயலாதவை. மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே தேனி வழியாக ஓடிய மீட்டர்கேஜ் தொடர்வண்டி, அகலப்பாதை மாற்றத்துக்காக 2010ஆம் ஆண்டு இறுதியுடன் நிறுத்தப்பட்டது. அகலப்பாதையில் தேனி வரை 2022 மே மாதமும், போடிநாயக்கனூர் வரை 2023 சூன் மாதமும் போக்குவரத்து தொடங்கியது. இடைப்பட்ட 11 ஆண்டுகளுக்கும் மேலாகத் தேனியில் தொடர்வண்டியே இல்லை. மீட்டர்கேஜ் பாதையில் அவ்வண்டி ஓடிய காட்சி ஒருவரிடம் நாடாவில் இருந்தால், அதனை மறுபடி எடுக்க வழியில்லை. முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலையொட்டி 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர் பகுதிகளில் நடந்த மக்கள் போராட்டங்களைக் காட்டும் பதிவுகளும், ஒரு குடும்பத்தில் மறைந்துபோன பெரியவர்களின் குரல் உள்ள திருமணப் பதிவும் அத்தகையவையே. இவ்வகைப் பதிவுகளில் வடிவமாற்றப் பிழை என்பது தொழில்நுட்பக் குறை மட்டுமன்று. சான்றின் இழப்பும் ஆகும்.

பயன்படும் மென்பொருள்கள்

பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2000ஆம் ஆண்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக், கட்டளைவரியில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும். வேறு பல மென்பொருள்களும் இதன் நிரலகங்களையே உள்ளே பயன்படுத்துகின்றன. கோப்பின் உள்ளமைப்பைக் காட்டும் எஃப்எஃப்புரோப் இதனுடன் கிடைக்கிறது. வரைகலை இடைமுகம் வேண்டுவோர் ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். மீடியாஇன்ஃபோ ஒரு கோப்பின் குறிமுறை, சட்டக வேகம், ஒலியின் மாதிரி வீதம் முதலியவற்றைப் பட்டியலிடுகிறது. பழுது பார்ப்பதில் முதற்பணி எப்போதும் இத்தகைய கருவியால் மூலக்கோப்பையும் மாற்றிய கோப்பையும் அருகருகே ஒப்பிடுவதே ஆகும்.

மாற்றம் தேவைப்படாத இடங்கள்

சில வேளைகளில் குறிமுறையை மாற்றவே தேவையில்லை. தொகுப்பு மென்பொருள் எச்.264 குறிமுறையை ஏற்கும், ஆனால் எம்டிஎஸ் கொள்கலனை ஏற்காது என்றால், படத்தையும் ஒலியையும் அப்படியே எடுத்து வேறு கொள்கலனில் வைத்தால் போதும். இது மீள்பொதிவு எனப்படும். இதில் தர இழப்பு இல்லை. மணிக்கணக்கான வேலை சில நிமிடங்களில் முடியும். மினி-டிவி நாடாவிலிருந்து பெறப்பட்ட கோப்பில் ஒவ்வொரு சட்டகமும் தனித்து இருப்பதால், அதனையும் பெரும்பாலும் மாற்றாமலேயே தொகுக்கலாம். அதை "இடம் மிச்சம்" என்று கருதி எச்.264 வடிவுக்கு மாற்றுவோர், இழப்பையும் பெறுகின்றனர், தொகுப்பையும் கடினமாக்கிக்கொள்கின்றனர்.

மற்றொரு வழி பதிலி முறை ஆகும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தொகுப்பின்போது மட்டும் பயன்படும் சிறிய பதிலிக் கோப்புகளை உருவாக்கி, இறுதி வெளியீட்டில் மூலத்தையே மீண்டும் இணைப்பது இம்முறை. இடமும் வேகமும் குறைந்த கணினிகளுக்கு இது ஏற்றது.

கோப்பு மேலாண்மைப் பிழைகள்

பெயர் மோதல்

ஏவிசிஎச்டி கருவிகள் ஒவ்வொரு புதிய நினைவட்டையிலும் கோப்புகளை 00000, 00001 என எண்ணத் தொடங்குகின்றன. இரண்டு கருவிகளின் நான்கு அட்டைகளை மாற்றி ஒரே கோப்புறையில் எழுதுமாறு கட்டளையிட்டால், ஒரே பெயரில் நான்கு கோப்புகள் வரும். மேலெழுதலாமா என்று மென்பொருள் கேட்கும். ஆனால் இரவில் ஆளில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக "எல்லாவற்றுக்கும் ஆம்" என்னும் தேர்வு முன்பே இடப்பட்டிருந்தால், கடைசி அட்டையின் கோப்பு மட்டுமே எஞ்சும். பிழைச்செய்தி எதுவும் வராது.

இதைத் தவிர்க்க, நகலெடுக்கும்போதே நாள், கருவி எண், அட்டை எண் ஆகியவற்றைப் பெயரின் முன் சேர்க்க வேண்டும். மேலெழுதலுக்கு இசைவு தரும் தேர்வை நிரலில் பயன்படுத்தாதிருப்பது நலம்.

தமிழ்ப் பெயர்கள்

விண்டோசு இயங்குதளத்தின் பழைய எழுத்துக்குறிப் பக்கங்களில் தமிழுக்கு இடமில்லை. எனவே ஒருங்குறியை ஏற்காத பழைய மென்பொருள்கள் தமிழ்க் கோப்புப் பெயர்களைக் கேள்விக்குறிகளாகப் படிக்கும். அப்படியொரு கோப்பு இல்லை என்று கூறி அடுத்ததற்குச் சென்றுவிடும். தொகுதிக் கட்டளைக் கோப்பை யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்து, கட்டளைச் சாளரத்தையும் அதே குறிமுறைக்கு மாற்றினால் புதிய மென்பொருள்களில் இச்சிக்கல் நீங்கும்.

மற்றொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஒருங்குறியில் "போடி" என்னும் சொல்லின் முதல் எழுத்தை இரு வகையில் எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதுவது ஒரு வகை. ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்து எழுதுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அக்கணினியிலிருந்து வன்தட்டு வழியாக வந்த "போடி", "கோம்பை", "கோயில்" போன்ற பெயர்களை வேறொரு கணினியில் தட்டச்சு செய்த பட்டியலுடன் ஒப்பிட்டால் அவை பொருந்தா. "தேனி", "கம்பம்" எனப் பெயரிட்ட கோப்புகள் மாறியிருக்க, "போடி" மட்டும் விடுபட்டிருந்தால் இக்காரணத்தை ஐயுறலாம். பணியின்போது இலத்தீன் எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பெயர்களைப் பயன்படுத்தி, தமிழ் விவரங்களைத் தனி அட்டவணையில் எழுதிவைப்பது பாதுகாப்பான வழி.

பட்டியல் பாதியில் முடிதல்

லினக்சு போன்ற இயங்குதளங்களில், கோப்புப் பெயர்களின் பட்டியலை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் எஃப்எஃப்எம்பெக்கை அழைக்கும் நிரல்கள் சில வேளைகளில் முதற்கோப்புடன் நின்றுவிடும், அல்லது அடுத்த பெயரின் முதல் சில எழுத்துகளை இழந்துவிடும். எஃப்எஃப்எம்பெக் இயங்கும்போது பயனரின் விசை அழுத்தங்களை எதிர்பார்த்து உள்ளீட்டைப் படிக்கிறது. பட்டியலும் அதே உள்ளீட்டு வழியில் வருவதால், அதன் எழுத்துகளையே விசை அழுத்தங்களாக எடுத்துக்கொள்கிறது. உள்ளீட்டைப் படிக்க வேண்டாம் என்னும் தேர்வைக் கட்டளையில் சேர்ப்பது இதற்குத் தீர்வு.

மின்தடையும் 4 கிகாபைட்டு எல்லையும்

எம்பி4, எம்ஓவி கொள்கலன்களில் எந்தச் சட்டகம் கோப்பின் எவ்விடத்தில் உள்ளது என்று கூறும் அட்டவணை பொதுவாகக் கடைசியிலேயே எழுதப்படுகிறது. மாற்றம் முடியும் முன் மின்சாரம் நின்றால், பல கிகாபைட்டு அளவுள்ள கோப்பு வட்டில் இருக்கும். ஆனால் எந்த மென்பொருளும் அதைத் திறக்காது. 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நிலவியபோது, இரவு முழுவதும் ஓட வேண்டிய இத்தகைய பணிகளுக்கு இது பெரும் இடையூறாக இருந்தது. தடையற்ற மின்வழங்கி பயன்படுத்துவதுடன், முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுமையாக முடிந்த பின்னரே இறுதிப் பெயரைச் சூட்டுமாறு நிரலை அமைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் மின்சாரம் திரும்பியதும் முடிந்தவை எவை, முடியாதவை எவை என்பது பெயரிலேயே தெரியும். எம்கேவி கொள்கலன் பாதியில் நின்றாலும் அதுவரை எழுதப்பட்ட பகுதியைப் பெரும்பாலும் இயக்க முடியும்.

ஃபேட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. வெளி வன்தட்டு அம்முறைமையில் இருந்தால் பெரிய கோப்புகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுபோயிருக்கும். பல கோப்புகள் சரியாக 4 கிகாபைட்டில் முடிவதைக் கண்டால் காரணம் இதுவே. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைமையில் வட்டை வடிவமைப்பது தீர்வு.

துண்டுகளின் இணைப்பு

நீண்ட பதிவைக் கருவிகள் 2 அல்லது 4 கிகாபைட்டுத் துண்டுகளாக வெட்டிச் சேமிக்கின்றன. டிவிடி வட்டில் விஓபி கோப்புகள் ஏறத்தாழ 1 கிகாபைட்டு அளவில் வெட்டப்படுகின்றன. இத்துண்டுகள் தனித்தனிக் காட்சிகள் அல்ல; தொடர்ச்சியான ஒரே ஓட்டத்தின் பகுதிகள். ஒவ்வொன்றையும் தனியே மாற்றினால் இணைப்பிடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடும், சில சட்டகங்கள் காணாமற்போகும். தாலி கட்டும் நேரம் அவ்விடத்தில் அமைந்தால் கெட்டிமேளத்தின் நடுவே இடைவெளி கேட்கும். எனவே முதலில் துண்டுகளை வரிசைப்படி இணைத்து, பின்னரே வடிவத்தை மாற்ற வேண்டும்.

ஒலி விலகல்

படத்தில் உதடு அசைவதும் ஒலி கேட்பதும் பொருந்தாமை இச்செயல்முறையில் அடிக்கடி சந்திக்கப்படும் குறை ஆகும். காரணத்தைக் கண்டறிய, பறை அல்லது தவில் அடிக்கும் காட்சி போன்று அடியும் ஒலியும் தெளிவாகத் தெரியும் இடங்களைக் கோப்பின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று பகுதிகளிலும் பார்க்க வேண்டும்.

• விலகல் மூன்று இடங்களிலும் ஒரே அளவாக இருந்தால், படமும் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கியுள்ளன. ஒலியை அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும்.
• விலகல் சீராக வளர்ந்துகொண்டே சென்றால், சட்டக வேகமோ ஒலியின் மாதிரி வீதமோ தவறாகக் கொள்ளப்பட்டுள்ளது.
• ஓரிடத்தில் திடீரெனத் தோன்றினால், அவ்விடத்தில் சட்டகங்கள் இழக்கப்பட்டுள்ளன அல்லது துண்டுகள் தவறாக இணைந்துள்ளன.

இந்தியா பால் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய நாடு ஆதலால் இங்கு விற்கப்பட்ட நிகழ்படக் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 25 சட்டகங்களைப் பதிந்தன. வெளிநாட்டில் வாங்கிவரப்பட்ட சில கருவிகள் 29.97 சட்டகங்களைப் பதியும். அதனை 30 என்று கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகல் ஏற்படும். கைப்பேசிகளின் நிலை வேறு. அவை வெளிச்சத்துக்கும் செயலியின் வேலைச்சுமைக்கும் ஏற்பச் சட்டக வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிகின்றன. இது மாறும் சட்டக வேகம் எனப்படும். மண்டபத்தின் உள்ளே எடுத்த கைப்பேசிக் காட்சி தொகுப்பு மென்பொருளில் விலகுவதற்கு இது பொதுவான காரணம். தொகுக்கும் முன் இத்தகைய கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, நேரக் குறிப்புகளின் அடிப்படையில் நிலையான வேகத்துக்கு மாற்ற வேண்டும்.

ஒலியின் மாதிரி வீதம் நிகழ்படத்தில் பெரும்பாலும் 48,000. இசைக் குறுவட்டில் 44,100. மினி-டிவி கருவிகளில் 32,000 வீதத்தில் பதியும் முறையும் உண்டு. 48,000 வீத ஒலியை 44,100 என்று தவறாக இயக்கினால் 60 நிமிட ஒலி 65 நிமிடம் 18 நொடியாக நீளும். நாதசுரத்தின் சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். இசையறிந்தவர் காதுக்கு இப்பிழை உடனே புலப்படும்.

படக் குறைகள்

இடைப்பின்னல்

பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகம் ஒற்றை வரிகள் கொண்ட ஒரு புலமாகவும், இரட்டை வரிகள் கொண்ட மற்றொரு புலமாகவும் பிரித்துப் பதியப்பட்டது. இது இடைப்பின்னல் எனப்படும். பால் முறையில் நொடிக்கு 50 புலங்கள். இரண்டு புலங்களும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை ஆதலால், ஓடும் பொருளின் ஓரங்கள் கணினித் திரையில் சீப்பின் பற்களைப் போலத் தெரியும். நிலையத்தைக் கடக்கும் தொடர்வண்டியின் சன்னல்களில் இதைத் தெளிவாகக் காணலாம்.

மினி-டிவி பதிவில் கீழ்ப்புலம் முதலில் வரும். உயர்தெளிவுப் பதிவுகளில் பொதுவாக மேற்புலம் முதலில் வரும். இரண்டையும் ஒரே தொகுதியில் ஒரே அமைப்பில் மாற்றினால், ஏதேனும் ஒரு வகையில் புலங்களின் வரிசை தலைகீழாகி, அசையும் பொருள்கள் முன்னும் பின்னும் துள்ளும். இடைப்பின்னலை நீக்கும் முன் படத்தின் உயரத்தைச் சுருக்குவது அதைவிடப் பெருந்தவறு. இரண்டு கணங்களின் வரிகளும் கலந்துவிடுவதால் பின்னர் எவ்வகையாலும் பிரிக்க முடியாது. புலங்களை முழுமையாகப் பேண 50 புலங்களை நொடிக்கு 50 சட்டகங்களாக விரிப்பது நலம்.

உருவ விகிதம், திசை

பால் மினி-டிவி படம் 720×576 படப்புள்ளிகள் கொண்டது. அப்படப்புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 விகிதப் படத்தைக் கணினிக்குரிய சதுரப் படப்புள்ளிகளுக்கு மாற்றும்போது பொதுவாக 768×576 எனவும், 16:9 விகிதப் படத்தை 1024×576 எனவும் கொள்கின்றனர். விகிதக் குறிப்பு தொலைந்தால் முகங்கள் ஒடுங்கியோ அகன்றோ தோன்றும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த காட்சியின் திசையும் கோப்பில் ஒரு குறிப்பாகவே உள்ளது. அது விடுபட்டால் காட்சி பக்கவாட்டில் சாயும்.

நிறம்

நிகழ்படத்தில் கறுப்பு 16 என்னும் எண்ணிலும் வெள்ளை 235 என்னும் எண்ணிலும் பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. சில கருவிகள் 0 முதல் 255 வரை முழு வீச்சையும் பயன்படுத்துகின்றன. இரண்டும் குழம்பினால் கறுப்பு சாம்பலாக வெளிறும், அல்லது இருண்ட பகுதிகளின் நுணுக்கம் மறையும். மேலும் பழைய தரத்தெளிவுப் படங்களும் உயர்தெளிவுப் படங்களும் வெவ்வேறு நிற நெறிகளைப் பின்பற்றுகின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் வயலின் பச்சையும் குங்குமத்தின் சிவப்பும் சற்றே மாறும். 2020க்குப் பிந்தைய பல கைப்பேசிகள் விரிந்த ஒளிவீச்சு முறையில் பதிகின்றன. உரிய மாற்றம் செய்யாமல் அவற்றைச் சாதாரணக் காட்சிகளுடன் சேர்த்தால் நிறம் மங்கித் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுரு

தொகுதி மாற்றத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே தரவு வேகத்தை விதிப்பது வழக்கம். ஆனால் காட்சிகள் ஒரே தன்மையுடையன அல்ல. அமர்ந்து பேசும் முதியவரின் காட்சியில் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவது சிறிதளவே. சுருளி அருவியின் நீரும், காற்றில் அசையும் நெல்வயலும், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் இரவில் ஏந்திவரும் தீச்சட்டிகளும் ஒவ்வொரு சட்டகத்திலும் முற்றிலும் மாறுகின்றன. முதற்காட்சிக்குப் போதுமான வேகம் பின்னவற்றுக்குப் போதாது. படம் சதுரக் கட்டங்களாக உடையும். இருளில் எடுத்த காட்சியின் மணல்போன்ற இரைச்சலும் தரவை விழுங்கும்.

வேகத்தை நிலையாக வைக்காமல் தரத்தை நிலையாக வைக்கும் முறையைத் தேர்ந்தால், மென்பொருள் ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டிய அளவைத் தானே ஒதுக்கும். முழுத் தொகுதியையும் ஓட்டும் முன், மிகக் கடினமான காட்சியைத் தேர்ந்து ஒரு நிமிடம் மட்டும் மாற்றிப் பார்ப்பது பல மணி நேர வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

சரிபார்ப்பு

எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள்கள் மூலத்தில் சிதைந்த சட்டகங்களைச் சந்தித்தாலும் இயன்றவரை தொடர்ந்து இயங்கி, வெற்றியுடன் முடிந்ததாகவே அறிவிக்கக்கூடும். ஆதலால் அவ்வறிவிப்பு போதிய சான்று ஆகாது. கீழ்க்காணும் படிநிலைகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன.

1. மூலக்கோப்புகளின் எண்ணிக்கையும் மாற்றிய கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றா எனப் பார்த்தல்.
2. ஒவ்வொரு இணையிலும் கால அளவை ஒப்பிடுதல். ஓரிரு சட்டகங்களுக்கு மேற்பட்ட வேறுபாடு உள்ளவற்றைத் தனியே குறித்தல்.
3. பணியின்போது எழுந்த எச்சரிக்கைகளை ஒரு பதிவுக் கோப்பில் சேமித்துப் படித்தல்.
4. மாற்றிய கோப்பைத் தொடக்கம் முதல் இறுதி வரை கணினியால் ஒருமுறை படிக்கச் செய்து பிழைகளைத் தேடுதல்.
5. தொடக்கம், நடு, முடிவு ஆகிய இடங்களில் கண்ணாலும் காதாலும் சோதித்தல்.

இவற்றுள் முதல் நான்கையும் நிரலாகவே எழுதிவிடலாம். ஐந்தாவதற்கு மனிதர் தேவை. படம் ஓடுகிறதா என்பதைக் கணினி கூறும். அதில் இருப்பவர் பேசுவது கேட்கிறதா என்பதைப் பார்ப்பவரே கூற முடியும்.

மூலத்தைக் காத்தல்

நினைவட்டையையும் நாடாவையும் மீண்டும் பயன்படுத்தும் வழக்கத்தால் மூலப்பதிவு விரைவில் அழிக்கப்படுகிறது. சரிபார்ப்பு முடியும் வரை அட்டையை அழிக்காதிருப்பதும், அட்டையிலிருந்து நகலெடுக்கும்போது எம்டி5 போன்ற சரிகாண் தொகையைக் கணக்கிட்டு இரு படிகளும் ஒன்றே என உறுதி செய்வதும் அடிப்படை விதிகள் ஆகும். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பது காப்புப்படிக்குரிய பரவலான நெறி. தேனியில் ஒரு படி இருந்தால் மற்றொன்று மதுரையில் உள்ள உறவினர் வீட்டில் இருப்பது இந்நெறியின் கடைசிப் பகுதியை நிறைவு செய்யும்.

நாடாக்களின் நிலை மேலும் நெருக்கடியானது. மினி-டிவி நாடாவைக் கணினியில் ஏற்றத் தேவையான ஃபயர்வயர் இணைப்பு புதிய கணினிகளில் இல்லை; நாடாவை இயக்கும் கருவிகளும் பழுதடைந்து வருகின்றன. நாடாவில் ஈரம் படிந்தால் பூஞ்சை பிடிக்கும். எனவே நாடாக்களை முதலில் உள்ளபடியே, இடைப்பின்னலை நீக்காமல், நிறத்தை மாற்றாமல் கணினியில் ஏற்றிக்கொண்டு, தொகுப்புக்கான மாற்றங்களை நகலில் மட்டும் செய்வது முறை. ஒப்புமை நாடாக்களிலிருந்து ஏற்றுவதற்கு இழப்பற்ற எஃப்எஃப்வி1 குறிமுறை ஆவணக்காப்பகங்களில் பயன்படுகிறது. இதன் விவரக்கூற்று இணையப் பொறியியல் பணிப்படையால் 2021இல் வெளியிடப்பட்டது.

வடிவங்கள் காலந்தோறும் மாறுவன. இன்று தொகுப்புக்கு ஏற்றதாகத் தேர்ந்த வடிவமும் பிறிதொரு காலத்தில் மாற்றப்பட வேண்டியதாகவே இருக்கும். மூலம் சிதையாமல் இருந்தால், அன்றைய பிழைகளைத் திருத்தி மீண்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

• நிகழ்படத் தொகுப்பு
• எஃப்எஃப்எம்பெக்
• இடைப்பின்னல்
• ஒருங்குறி
• தேனி மாவட்டம்
• கம்பம் பள்ளத்தாக்கு